எவ்வளவு கொடுக்கும்? எவ்வளவு பிடுங்கும்?

"தினமும் எத்தனை கிலோமீட்டர்?"

"போக வர நூத்தம்பது."

"அப்போ டீசல்தான். பழசா ஒண்ணு பார்த்துக் கண்ணை மூடிக்கிட்டு வாங்கு!"

இந்த உரையாடல் நடக்காத டீக்கடை தமிழ்நாட்டில் இல்லை. கல்யாண வீட்டுப் பந்தி, ஆபீஸ் கேன்டீன், ரயில் பெட்டி என்று எங்கே போனாலும் இதே கதைதான். கேட்பவர் மாறுவார், சொல்பவர் மாறுவார், பதில் மட்டும் மாறாது. பிள்ளைக்குக் காது குத்த நாலு பஞ்சாங்கம் புரட்டுகிற ஊர், நாலு லட்சம் ரூபாய் சமாச்சாரத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்கிறது. என்ன நியாயமோ!

இந்த "டீசல்தான்" முழுப் பொய்யாக இருந்திருந்தால் பிரச்சனையே இல்லை. ஒரே வரியில் மறுத்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் அது பாதி உண்மை. முழுப் பொய்யைவிட பாதி உண்மைதான் நிறையப் பேரைக் கடனில் தள்ளியிருக்கிறது.

இந்த வேதவாக்கு எங்கிருந்து வந்தது?

பெட்ரோல் விலை மீதான கட்டுப்பாட்டை மத்திய அரசு 2010 ஜூனில் விலக்கியது. டீசலுக்கு அந்தக் கட்டுப்பாடு 2014 அக்டோபர் வரை நீடித்தது. நடுவில் இருந்த அந்த நாலு வருடம்தான் டீசல் காரின் பொற்காலம். 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாயைத் தாண்டியபோது டீசல் 41 ரூபாய்க்குள் கிடைத்தது. லிட்டருக்கு 32 ரூபாய் வித்தியாசம்! ஸ்விஃப்ட் டீசலுக்குப் பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். மாருதி நிறுவனம் "எவ்வளவு கொடுக்கும்?" என்று இந்தியில் கேட்கும் விளம்பரங்களை எடுத்ததும் ஏறக்குறைய அதே காலம்தான். விளம்பரம் போய்விட்டது, கேள்வி மட்டும் ஒட்டிக்கொண்டது.

அன்று டீசல் வாங்கச் சொன்ன மாமாவைக் குறை சொல்ல முடியாது. அன்றைய விலைக்கு அவர் சொன்னது சரி. 2013 ஜனவரி முதல் டீசல் மாதாமாதம் சுமார் 50 பைசா என்று ஏறத் தொடங்கியது. 2014ல் கட்டுப்பாடும் போனது. 2024 மார்ச்சில் இரண்டுக்கும் 2 ரூபாய் குறைத்த பிறகு சென்னையில் பெட்ரோல் சுமார் 101 ரூபாய், டீசல் சுமார் 92 ரூபாய். 32 ரூபாய் இடைவெளி 9 ரூபாய் ஆகிவிட்டது. மாமா மட்டும் இன்னும் 2012லேயே இருக்கிறார்.

சரி, கணக்குக்கு வரலாம்

கற்பனையாக ஒரு சம்பளக்காரரை எடுத்துக்கொள்ளலாம். வீடு திண்டிவனத்தில், வேலை மறைமலை நகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில். ஒரு பக்கம் சுமார் 75 கிலோமீட்டர், ஒரு நாளைக்கு 150. மாதம் 24 நாள் வேலை என்றால் 3,600 கிலோமீட்டர், வருடத்துக்கு 43,200. ஷிஃப்ட் நேரத்துக்கு ரயில் ஒத்துவரவில்லை, கம்பெனி பஸ் அந்தப் பக்கம் வருவதில்லை. ஆகவே கார்.

டீசல் ஹேட்ச்பேக் நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 20, அதே அளவு பெட்ரோல் கார் 15 கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால்:

டீசல்: 92 வகுத்தல் 20. கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 60 காசு.
பெட்ரோல்: 101 வகுத்தல் 15. கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 73 காசு.

வித்தியாசம் 2 ரூபாய் 13 காசு. வருடத்துக்கு 92 ஆயிரம் ரூபாய், மூன்று வருடத்துக்கு 2 லட்சத்து 76 ஆயிரம்.

"பார்த்தியா, டீசல்தான்!" என்று மாமா இந்த இடத்தில் எழுந்து கை தட்டுவார். தட்டட்டும். இதுவரை அவர் சொன்னது சரிதான். இதே இரண்டு காரை 2012 விலையில் ஓட்டியிருந்தால் பெட்ரோல் செலவில் பாதிக்கு மேல் மிச்சமாகியிருக்கும். இன்று மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். குறைந்திருக்கிறதே தவிர இல்லாமல் போகவில்லை. "டீசல் செத்துப்போச்சு, வாங்கறவன் முட்டாள்" என்று இப்போது புதிதாகக் கிளம்பியிருக்கும் கோஷ்டியும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த 92 ஆயிரம் யாருடைய பணம்?

மிச்சமா, ஒதுக்கீடா?

பிளஸ் டூ கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்குக்கூட ஒரு விஷயம் தெரியும். இந்த வருடம் வந்த வருமானத்தில் நாளைக்கு வரப்போகிற செலவுக்கு ஒரு பகுதியை இன்றே ஒதுக்கி வைக்க வேண்டும். ஒதுக்காமல் முழுவதையும் லாபம் என்று எழுதிப் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டால், அந்தக் கம்பெனிக்கு ஒருநாள் பூட்டுதான். குடும்பமும் ஒரு கம்பெனிதான். அதற்கு ஆடிட்டர் இல்லை, அவ்வளவே.

டீசல் இஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தி அழுத்திச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கும் இயந்திரம் அது. அதற்கு எல்லாமே பலமாக இருக்க வேண்டும். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 2 பார். 'காமன் ரெயில்' டீசலில் இன்ஜெக்டருக்குப் போகும் டீசலின் அழுத்தம் 1,600 பார் அளவுக்குப் போகும். அந்த இன்ஜெக்டரின் துளையோ முடியளவு. ஒரு முறை தண்ணீர் கலந்த டீசல் போட்டால் போதும், கதை கந்தல். டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது, அதுவும் கொதிக்கிற புகையில் குளித்துக்கொண்டே. இழுவிசை அதிகம் என்பதால் கிளட்ச்சுக்கும் அடி அதிகம்.

"டீசல் இஞ்சின் மூணு லட்சம் ஓடும் சார்" என்பார்கள். ஓடும், பொய்யில்லை. ஆனால் மூன்று லட்சம் ஓடுவது இஞ்சின். அதைச் சுற்றி இருக்கும் இன்ஜெக்டர், பம்ப், டர்போ, கிளட்ச் எதுவும் அப்படி வாக்குக் கொடுக்கவில்லை. திண்டிவனத்துக்காரர் 90 ஆயிரம் ஓடிய காரை வாங்குகிறார் என்றால் மூன்று வருடத்தில் அது 2 லட்சத்து 20 ஆயிரம் ஆகிவிடும். இந்தச் சாமான்கள் ஒவ்வொன்றாகக் கை நீட்டுகிற வயது அதுதான்.

கணக்குக்காக ஒரு பட்டியல் போடலாம். (ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி விலை மாறும்.) நாலு இன்ஜெக்டர், ஒன்று 15 ஆயிரம் வீதம் 60 ஆயிரம். டர்போ 40 ஆயிரம். கிளட்ச்சுக்குப் பெட்ரோல் காரைவிடக் கூடுதலாக 15 ஆயிரம். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் என்றால் மூன்று வருடத்தில் 13 சர்வீஸ். ஆயில், ஃபில்ட்டர் வகையில் ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக 2 ஆயிரம் வீதம் 26 ஆயிரம். ஆக மொத்தம் 1 லட்சத்து 41 ஆயிரம்.

அதை ஓடப்போகும் 1,29,600 கிலோமீட்டரால் வகுத்தால் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் ஒன்பது காசு வருகிறது. கிட்டத்தட்ட ஒரு ரூபாய்ப் பத்து காசு.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. பங்க்கில் மிச்சமாகும் 2 ரூபாய் 13 காசில் பாதிக்குக் கொஞ்சம் மேல் வண்டிக்காரருடையதே அல்ல. அது மெக்கானிக்குடைய பணம். அவர் வந்து கேட்கும்வரை இவர் சட்டைப் பையில் இருக்கிறது, அவ்வளவுதான். இவரோ அதை மிச்சம் என்று நம்பி டிவிக்குத் தவணை கட்டுகிறார், சீட்டுப் போடுகிறார். பிறகு ஒருநாள் அச்சிறுப்பாக்கம் பக்கத்தில் வண்டி கரும்புகை கக்கி நிற்கும்போது, "ராசியில்லாத வண்டி" என்று பழியை வண்டிமேல் போடுகிறார். வண்டிக்கு ராசி நட்சத்திரம் எல்லாம் கிடையாது சாமி! வரவேண்டிய செலவு வந்திருக்கிறது. ஒதுக்க வேண்டியவர் ஒதுக்கவில்லை.

இதே ஆள் தினமும் 60 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறார் என்றால்? மூன்று வருட எரிபொருள் மிச்சம் 1 லட்சத்து 10 ஆயிரம்தான். மேலே சொன்ன ரிப்பேரில் பாதி வந்தாலே 70 ஆயிரம் காலி. மீதி 40 ஆயிரம், மாதத்துக்குச் சுமார் 1,100 ரூபாய். இதற்காகவா இத்தனை ஆட்டம்? "தூரம்" என்று எல்லாரும் சொல்கிறார்களே, எத்தனை கிலோமீட்டர் தூரம் என்று ஒருவரும் சொல்வதில்லை.

"டீசல்தானே, பெருசாவே எடு!"

அடுத்த கண்ணி இது. ஹேட்ச்பேக் பார்க்கப் போனவரிடம் கன்சல்டிங்காரர் ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டியைக் காட்டுவார். "டீசல் சார், மெயின்டனன்ஸ் ஒண்ணும் இல்ல. இன்னும் ஒன்றரை லட்சம் லோன் போட்டுக்கலாம்."

பெரிய டீசல் வண்டி 13 கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 92 வகுத்தல் 13, கிலோமீட்டருக்கு 7 ரூபாய் 8 காசு. சின்னப் பெட்ரோல் காருக்கு 6 ரூபாய் 73 காசு! மிச்சம் பிடிக்க என்று டீசலுக்குப் போனவர், வேண்டாம் என்று தள்ளிய பெட்ரோல் காரைவிட அதிகமாக எரிபொருளுக்கே கொட்டுகிறார். டயர், இன்சூரன்ஸ், கூடுதல் கடனுக்கு வட்டி எல்லாம் தனி. டீசல் என்ற ஒரு சொல்லை வைத்துத் தேவையில்லாத வண்டியைத் தலையில் கட்டிவிடுகிற இந்த வித்தைக்கு எந்தக் கல்லூரியிலும் பாடம் இல்லை. சந்தையில் மட்டும் நன்றாகத் தெரிகிறது.

வட்டியையும் பார்த்துவிடலாம். 3 லட்சம் கடன், 14 சதவீதம், 48 மாதம் என்றால் தவணை சுமார் 8,200 ரூபாய். மொத்த வட்டி 93 ஆயிரத்துச் சொச்சம். அதாவது ஒரு வருடம் முழுக்க விடியற்காலையில் எழுந்து, 43 ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி, பங்க்கில் மிச்சம் பிடித்த அந்த 92 ஆயிரமும் வட்டிக்கடைக்கே சரியாகப் போகிறது. "பெட்ரோல் கார் வாங்கினாலும் வட்டி உண்டே?" என்று கேட்கலாம். கேட்பது நியாயம். ஆனால் டீசல் மிச்சத்தைக் காட்டித்தான் கடனின் அளவை ஏற்றுகிறார்கள். கோபம் அதன் மேல்தான்.

மீட்டர் என்ன சொல்கிறது?

மேலே போட்ட கணக்கெல்லாம் அந்த 90 ஆயிரம் என்ற எண் உண்மை என்றால்தான். பத்து வருடம் ஆன டீசல் கார் 90 ஆயிரம்தான் ஓடியிருக்கிறதாம். அதிகம் ஓட்டப்போகிறவர்தானே முதல் கையாகவே டீசல் வாங்கியிருப்பார்? பெட்ரோலைவிட ஒரு லட்சம் கூடக் கொடுத்து டீசல் வாங்கிய மனிதர், ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர் மட்டும் ஓட்டிவிட்டு வீட்டில் துடைத்து வைத்திருந்தாரா? எங்காவது ஒருவர் இருக்கலாம். சந்தை முழுக்க இருக்க முடியாது. டிஜிட்டல் மீட்டரைத் திருப்புவது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானமில்லை. வாடகைக்கு ஓடிவிட்டு வெள்ளை போர்டுக்கு மாறிய வண்டிகளும் இந்தக் கூட்டத்தில் உண்டு.

டெல்லிக் கதை இன்னும் சுவாரசியம். பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகள் டெல்லி வட்டாரத்தில் ஓடக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஏப்ரலில் சொன்னது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் அதே உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் வைத்து உரிமையாளர்மேல் கடும் நடவடிக்கை வேண்டாம் என்று இடைக்காலமாகச் சொன்னது. இந்தப் பத்து வருட இழுபறியில் அங்கே விலை விழுந்த வண்டிகள், தடையில்லாச் சான்று வாங்கிக்கொண்டு மற்ற மாநிலங்களுக்கு வந்தன, தமிழ்நாட்டுக்கும்தான். விலையைப் பார்த்தால் வாய் ஊறும். ஆனால் வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும், வரியும் இங்கே கட்டியாக வேண்டும். விளம்பரத்தில் அந்தத் தொகை இருக்காது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012லேயே முதல் பிரிவில் வகைப்படுத்திவிட்டது. தலைநகரத்து நுரையீரலுக்கு ஆகாத புகை திண்டிவனத்து நுரையீரலுக்கு மட்டும் சாம்பிராணியா?

எதிர்த்தரப்பும் பேசட்டும்

டீசல் ஆதரவாளர்களிடம் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2025ல் நாடு முழுக்க வந்துவிட்டது. அதற்கென வடிவமைக்காத பழைய பெட்ரோல் கார்களில் மைலேஜ் 3 முதல் 6 சதவீதம் வரை குறையலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே ஒப்புக்கொண்டது. சரி, மேலே போட்ட 15ஐ 14.2 ஆக்கிப் பார்த்தால் டீசலின் மிச்சம் கிலோமீட்டருக்கு 40 காசுக்கும் குறைவாகவே கூடுகிறது. கூடட்டும், தப்பில்லை.

அதற்குப் பதிலாக இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். பிஎஸ்6 விதி 2020 ஏப்ரலில் வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. ஃபோக்ஸ்வேகனும் இந்தியாவில் டீசலைக் கைவிட்டது. ஃபோர்டு 2021ல் அறிவித்துவிட்டு 2022ல் கார் தயாரிப்பை முடித்துக்கொண்டது. திண்டிவனத்துக்காரர் தினமும் போகிற அதே மறைமலை நகரில்தான் அந்த ஆலை. செய்தவர்களே விட்டுவிட்ட இஞ்சினுக்கு இன்னும் ஐந்து வருடம் கழித்துச் சாமான் என்ன விலைக்குக் கிடைக்கும்? ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் மாதிரி ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்ட்டோ என்று ஊரெல்லாம் ஓடிய இஞ்சினுக்குத் தெருமுனை மெக்கானிக்கிடம்கூடப் பதில் இருக்கும். கொஞ்சமாக விற்ற அபூர்வ மாடலுக்கு இருக்காது. அபூர்வம் நாணயம் சேர்ப்பவர்களுக்கு அழகு, வேலைக்குப் போகிறவருக்கு ஆகாது.

2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கான ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாக இறங்கியது, அதன் மேல் இருந்த செஸ்ஸும் போனது. புதுக் காரின் விலை இறங்கினால் பழைய காரின் விலையும் இறங்கித்தானே ஆக வேண்டும்? பழைய விலையையே பிடித்துக்கொண்டு "டிமாண்ட் சார்" என்பவரிடம் இதைச் சொல்லிப் பேரம் பேசலாம். கூச்சப்படத் தேவையில்லை.

அப்போ வாங்கலாமா, கூடாதா?

வாங்கலாம். நூற்றைம்பது கிலோமீட்டர் போகிறவர் தாராளமாக வாங்கலாம். ஒதுக்கீடு போக மூன்று வருடத்தில் 1 லட்சத்து 35 ஆயிரம், மாதம் 3,750 ரூபாய் நிஜமாகவே கையில் நிற்கும். அது சின்னத் தொகை இல்லை, ஒரு பிள்ளையின் டியூஷன் பீஸ். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல!

ராத்திரி முழுக்க ஓடாமல் நின்ற வண்டியைக் காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். பார்க்க வருகிறீர்கள் என்று முன்பே சூடேற்றி வைத்திருந்தால் ஏதோ ஒளிகிறது என்று அர்த்தம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. விடாமல் கரும்புகை என்றால் இன்ஜெக்டர் பக்கமோ டர்போ பக்கமோ கோளாறு. மீட்டரை நம்பாமல் கம்பெனி சர்வீஸ் பதிவைக் கேட்க வேண்டும். பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்க, மீட்டர் 60 ஆயிரம் காட்டினால் பெடல்தான் உண்மை பேசுகிறது. ஆர்சியில் கடன் பதிவு நீங்கியிருக்கிறதா, அபராதம் பாக்கி உண்டா என்று பார்த்துவிட்டு, 29, 30 ஆம் எண் படிவங்களை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளாமல் அன்றே முடிக்க வேண்டும். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துப்போய் அவருக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தால், அது செலவில்லை, இன்சூரன்ஸ்.

எல்லாவற்றுக்கும் மேல், தனியாக ஒரு வங்கிக் கணக்கு. வண்டி ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு ரூபாய்ப் பத்து காசு அதில் விழ வேண்டும். மாதம் 3,600 கிலோமீட்டர் என்றால் 3,960 ரூபாய். அந்தப் பணத்தில் தீபாவளி கிடையாது, கல்யாண மொய் கிடையாது. இன்ஜெக்டர் கேட்டால் மட்டும் திறக்க வேண்டும். மூன்று வருடம் அது கேட்கவே இல்லையா? பிறகு மனிதர் தாராளமாக அதை மிச்சம் என்று சொல்லிக்கொள்ளட்டும்.

மாதம் 3,960 ரூபாய் எடுத்து வைக்க முடியாத சம்பளம் என்றால், அவருக்குப் பழைய டீசல் கார் கட்டுப்படியாகாது. எவ்வளவு கொடுத்தாலும் கட்டுப்படியாகாது. இதைத்தான் விற்பவர் சொல்ல மாட்டார், கடன் கொடுப்பவர் சொல்ல மாட்டார், மாமாவும் சொல்ல மாட்டார். வண்டி நடுரோட்டில் நிற்கும் அன்று இந்த மூன்று பேரில் ஒருவரும் தள்ள வரப்போவதும் இல்லை.